எர்த்

சனிக்கிழமை, லிந்துலைக் கலியாணத்தில்
இரண்டாவது பைலாவின் நடுவே
எமில்தாஸின் கிட்டார் ஊமையானது.
ட்ரம் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி
திரும்பிப் பார்த்து நின்றதாம்.
மாப்பிள்ளையின் மாமா
பேசிய காசில் பாதியை எண்ணிக் கொடுத்தார்.

ஞாயிறு பின்னேரம்
தலவாக்கலையில் தையல்கடைக்குக் கீழே, என் கடைக்கு
உரச்சாக்கில் சுற்றி ஆட்டோவில் வந்து இறங்கியது
வால்வ் ஆம்ப்ளிஃபயர்.
பதினெட்டுக் கிலோ. நனைந்த நாயின் வாசம்.
"யாரோ கண்ணு வச்சிட்டாங்க அக்கா."
கண்பட்டு ஃபியூஸ் போகாது என்று
ஃபியூஸைக் கழற்றினேன்.

கண்ணாடிக் குழாயைச் சுற்றி வெள்ளித்தாள்.
விரித்தால் மறுபக்கத்தில் பாதி எழுத்தும்
"ஏற்றுமதிக்கு மட்டும்" என்ற முத்திரையும்.
நாங்கள் பறித்து
நாங்கள் குடிக்காத தேயிலையின் உறை.
எமில்தாஸ் ரோட்டைப் பார்த்தான்.
"ரெண்டு பாட்டு தாண்டினா போதும்னு நினைச்சேன்."

எனக்குக் கோபம்.
செத்துப்போவதுதான் ஃபியூஸின் உத்தியோகம்.
அதைச் சாகவிடாவிட்டால்
உள்ளே வேறு யாரோ சாக வேண்டும்.
யார் என்று தேட, திருகாணிகள் எட்டு.

ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும்
கப்பாசிட்டர் மறக்காது: முந்நூற்று நாற்பது வோல்ட்.
இடது கையை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு
வலது கையால் மட்டும்
ஒரு ரெசிஸ்டர் வழியே அதை இறக்கினேன்.
மீட்டரில் எண்கள் வேகமாய்ச் சரிந்து
கடைசி மூன்று வோல்ட்டில் வெகுநேரம் நின்றன.

பிறகு பல்ப்.
சுவருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே
நூறு வாட் குண்டு பல்ப் ஒன்று.
உள்ளே ஷார்ட் என்றால் அது முழுசாய் எரியும்,
இல்லையென்றால் ஒருதரம் விழித்து மங்கும்.
அருவியை மலைக்குள் திருப்பி எடுத்த கரண்ட்
எங்கெங்கோ போய்விட்டு
இருநூற்றைந்தாய் இளைத்து என் கடைக்கு வருகிறது.
அதற்கும் சேர்த்துத்தான் கணக்கு.

பவர் வால்வுகள் இல்லாமல்: மங்கியது.
ட்ரான்ஸ்போமர் பிழைத்தது.
முதல் வால்வைச் செருகி: மங்கியது.
இரண்டாவதைச் செருகினேன்,
கடை முழுக்க வெளிச்சம்.
எமில்தாஸ் ஒரு அடி பின்னால் போனான்.

அந்த வால்வின் காலடியில்
கரித்துண்டாய் ஒரு ரெசிஸ்டர்.
நிறப்பட்டைகள் வெந்து, இலக்கம் படிக்க முடியவில்லை.
பக்கத்து வால்வின் காலில்
அதன் கூடப்பிறந்தது உயிரோடு இருந்தது:
மஞ்சள், ஊதா, பழுப்பு.
நானூற்று எழுபது ஓம். எட்டு ரூபாய்ச் சாமான்.
வெள்ளித்தாள் செய்யவிடாத வேலையை
தான் எரிந்து செய்திருக்கிறது.

கண்டியில் உடைத்த ரேடியோகிராமிலிருந்து
வால்வ் ஜோடி ஒன்று வைத்திருந்தேன்.
யாருக்கும் தருவதில்லை.
தந்தேன்.
ஈயப்புகை, புது ஃபியூஸ்,
பென்சிலால் கண்ணாடியில் இரண்டு தட்டு.
இழைகள் மெல்லச் சிவந்தன.
அவன் ஒரு ஸ்வரக்கட்டை அழுத்தியதும்
மாடியில் தையல் மெஷின் நின்றது,
பிறகு செருப்புக் காலால் தரையில் மூன்று அடி.

போகும்போதுதான் கேட்டான்:
"லயத்துல பாடுறப்போ
மைக்கில உதடு பட்டா சுரீர்ங்குது. அதுவும் கண்ணூறா?"
இல்லை. உன் வீட்டுச் சுவரில்
மூன்றாவது துளை வெறும் துளை.
எர்த் என்றால் மண்.
நாலடிச் செப்புக் கம்பி, ஈரமான இடம்,
வேறொன்றும் வேண்டாம்.

"மண்ணு தோட்டத்தோடது அக்கா.
வாசல்ல ரெண்டு கத்தரி நட்டதுக்கே
வோர்னிங் லெட்டர் வந்துச்சு."

பாதிக் காசு தந்தான், மீதி அடுத்த கலியாணத்தில்.
ஆம்ப்பை அதே உரச்சாக்கில் கட்டி
செப்புக் கம்பியையும் உள்ளே செருகினேன்.
அதை பில்லில் எழுதவில்லை.
ராவைக்கு அடி என்றேன்,
தகரத்தில் மழை பிடித்துப் பெய்யும்போது.
சுத்தியல் சத்தம் யாருக்கும் கேட்காது.