கணக்கில் வராத நூல்

காரைக்குடியில் குளிர் என்றால்
ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.
இருபது டிகிரிக்கே நாங்கள்
மூன்று பேர், இரண்டு போர்வை,
வார்டன் கண்ணில் படாமல் பகலெல்லாம் அலமாரிக்குள் தூங்கும்
ஒரு வாட்டர் ஹீட்டர் கம்பி.

நாலரைக்கு உமையாள் எழுவாள்.
வாளிக்குள் கம்பி முனகத் தொடங்கும்.
கொதித்த முதல் வாளி அவளுக்கு.
பாதிச் சூட்டில் இரண்டாவது எனக்கு.
மூன்றாவது கிடையாது:
மார்கழி முடியட்டும், குளிக்கிறேன் என்று
இசக்கி திருச்செந்தூர் முருகனிடமே சொல்லிவிட்டாளாம்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்
கோடி வேட்டி ஒன்றை மேசையில் விரித்து
உமையாள் ஒரு நூல் உருவினாள்.
தினம் ஒன்று, இருபத்தோரு நாள்.
பிள்ளையார் நோன்பு என்றாள்.
"வேட்டி கந்தலாகிவிடாதா?"
"இருபத்தோரு நூலுக்கா?"
என்றாள், கட்டடங்களின் பாரம் கணக்கிடப் படிக்கிறவளின் குரலில்.
நூல்கள் ஜியாமெட்ரி பாக்ஸில்
காம்பஸுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தன.

நான் சாமியோடு சண்டை போட்டவள் இல்லை.
வீட்டில் யாரும் சாகவில்லை.
கேட்டது எதுவும் கிடைக்காமல் போகவில்லை.
முதல் செமஸ்டரில் ஒரு ஞாயிறு தூங்கிவிட்டேன்.
அடுத்த ஞாயிறு அசைன்மென்ட்.
அதற்கப்புறம் ஞாயிறு
துணி துவைக்கும் கிழமையாகிவிட்டது.
செக்காலைக் கோயில் மணி
ஜன்னல் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.
செபமாலை அறுந்ததும் அந்த நாட்களில்தான்.
பொறுக்க முடிந்த மணிகளை
காலிப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.
வாராவாரம் அப்பா போனில் கேட்பார்,
"பூசைக்குப் போனியா?"
"போனேன்."
அதில் மட்டும் ஒரு வாரமும் தவறியதில்லை.

பதினாலாம் நாள் உமையாளுக்கு நூற்றிரண்டு காய்ச்சல்.
வெளியே மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத
ஒரு ரெண்டுங்கெட்டான் ஈரம்.
கொடியில் மூன்று நாளாகக் காயாத சுடிதார்கள்.
"கை நடுங்குது. நீ ஒண்ணு உருவு."
"நானா?"
"நூலுக்கு என்ன தெரியும்?"

இழுத்தேன். அறுந்தது.
அடுத்ததை இழுக்கவில்லை.
துணி சுருங்கச் சுருங்க நீவிவிட்டு,
கொஞ்சம் நகர்த்தி, மறுபடி நீவி,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை
ஒற்றை நூல் முழுதாய் வெளியே வரும்வரை
வேறெதையும் நான் நினைக்கவில்லை.
போனைக்கூட.
"இன்னைக்கு எடுத்துட்டியா?" என்று அவள் ஆத்தா கேட்டபோது
"எடுத்தாச்சு ஆத்தா" என்றாள்.
அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது.

சஷ்டி அன்று மாலை ரெக்கார்ட் நோட்டுகளை ஓரமாய்த் தள்ளி
மெஸ் பார்வதியக்காவிடம் கெஞ்சி வாங்கிய
அரிசி மாவும் வெல்லமும் நெய்யும் பிசைந்தாள்.
கதவிடுக்கில் ஈரத் துண்டு, வார்டனின் மூக்குக்காக.
நூல்களை எண்ணினாள்.
இருபத்திரண்டு.
மறுபடி எண்ணினாள்.
அறுந்ததைத் தூக்கிப் போட மனசில்லாமல்
நான்தான் உள்ளே வைத்திருந்தேன்.
அதை மட்டும் எடுத்து என் கையில் வைத்தாள்:
"இது கணக்குல வராது. நீயே வச்சுக்க."

மிச்சத்தைத் திரித்து மாவில் நட்டுக் கொளுத்தி
சுடரோடு வாயில் போட்டுக்கொண்டாள்.
கன்னம் ஒரு கணம்
உள்ளிருந்து சிவந்த மாதிரி இருந்தது.
"ஏட்டி, வாய் வெந்துராதா!" என்று
போர்வையை உதறி எழுந்தாள் இசக்கி.
உமையாள் மென்றுகொண்டே தலையாட்டினாள்.

அன்றிரவு பவுடர் டப்பாவைத் திறந்தேன்.
அறுந்த நூலில் ஏழு மணிகள்தான் கோக்க முடிந்தது.
சிலுவை எப்போதோ தொலைந்திருந்தது.
இரண்டாம் வரியில் வார்த்தை மறந்தது.
திரும்ப முதலிலிருந்து.
இசக்கியின் குறட்டை ஏற, நிறுத்தி,
திரும்ப முதலிலிருந்து.
எத்தனையாவது மணியில் தூங்கினேனோ.

ஞாயிறு நாலரைக்குக் கம்பியைப் போட்டதும்
மாடி முழுக்கக் கரண்ட் போயிற்று.
பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு
பல் கிட்ட ஓடினேன்.
பனியில் தெருவிளக்குகள் ஊறிக்கிடந்தன.

இரவு அப்பா கேட்டார்.
"போனேன்" என்றேன்.
அதே குரல்தான், அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.
பிரசங்கத்தில் தூங்கிவிட்டதை
நான் சொல்லவில்லை.