தரம் மூன்று என்று அட்டையில்

வெள்ளவத்தை, நான்காம் மாடி.
மெத்தை முழுக்க மாதிரி இசைத்தாள்கள்.
படுக்க இடமில்லை,
ஆகவே இன்றிரவே முடிவெடுத்தாக வேண்டும்.
பாடசாலைக் காசில் இரண்டு வாங்கலாம்:
நடுப்பிரிவுக்கு ஒன்று, மேற்பிரிவுக்கு ஒன்று.
அதிபர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
"சத்தமா முடியிறதாப் பாருங்கோ டீச்சர்,
எங்க கை தட்டுறதெண்டு தாய்தகப்பனுக்குத் தெரியவேணும்."

நான் தாளை நடுவிலிருந்து வாசிக்கிறவள்.
மேலே புல்லாங்குழல் தன்பாட்டில் பறக்கும்,
ட்ரம்பெட்டுக்கு எவரும் நல்லதாகவே எழுதுவார்கள்.
என் விரல் போய் நிற்பது மூன்றாம் கிளாரினெட்டில்.
அது ஹம்தான்.
இந்தத் தாளில் அவனுக்கு
நான்கு பக்கமும் ஃபா. ஃபா. ஃபா.
பிறகு, பெருநாள் காசு போல, ஒரு மி.
மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன்.
தாள் கட்டிலுக்கடியில் போனது.

அடுத்ததில் பஸூன் தனியே பாடுகிறது.
எங்களிடம் பஸூன் இல்லை.
ஒபோ இருக்கிறது, ரீட் இல்லை.
அட்டையில் தரம் போட்டவர் எந்த ஊரோ!
அவருடைய ஊரில்
உப்புக்காற்றில் கிளாரினெட்டின் மூடிகள் ஊதுவதில்லை,
உயர்தரப் பரீட்சை வந்து
நல்ல கொம்புக்காரர் இருவரை
ஒரே திங்களில் கொண்டுபோவதில்லை.

எட்டில் ஏழு. 'கடினம்', தரம் நான்கு.
போன வியாழன் அதை
நடுப்பிரிவின் முன் சும்மா வைத்துப் பார்த்தேன்.
சனிக்கிழமைகளில் நடன வகுப்புக்குப் போகும் தர்ஷாயினி
புல்லாங்குழலை மடியில் கிடத்தித்
தொடையில் தட்டினாள்: தகிட தகதிமி.
பெரிய மேளத்தில் நின்ற தெவிந்து
அது என்ன பாஷை என்று கேட்டான்,
பதிலுக்குக் காத்திராமல் அடிக்கத் தொடங்கினான்.
பத்தாம் பாரில் எல்லோரும் உள்ளே;
ட்ரொம்போன்கள் மட்டும்
வராத எட்டாவது அடிக்காக
வாசலிலே நின்றன.
இது நடுப்பிரிவுக்கு.

மேற்பிரிவு கேட்பது ஆறு.
"ஐந்தெண்டா வெட்கம் மிஸ்,
மற்றப் பள்ளிக்கூடங்கள் ஆறு வாசிக்குது."
தாள் கறுக்கக் கறுக்கச் சுரம் வேண்டும் அவர்களுக்கு.
நான் கொடுத்தது மூன்று.
மெதுவானது, பக்கமெல்லாம் வெளுத்துப்போய்.
"இது சின்னப்பிள்ளையளுக்கு," என்று
ட்ரம்பெட் ஜெரோஷன் சிரித்தான்.
நாலாம் பாரிலேயே
ஒளிந்துகொள்ள ஓரிடமும் இல்லை.
ஒரே சுரத்துக்கு
இரண்டு ட்ரம்பெட்டும் இரண்டு விலாசத்தில்.
மூச்சு எங்கே எடுத்தாலும் கேட்கிறது.
டியூபா எச்சில் விழுங்குவது கேட்கிறது.
அப்போது பார்த்துக் கரையோர ரயில்
பம்பலப்பிட்டி தாண்டி ஊதிக்கொண்டு போனது.
கொம்பை இறக்கிவிட்டு பிரியந்தினி சொன்னாள்:
"மிஸ், அதுக்கும் எங்களுக்கும் அரைச் சுரந்தான் வித்தியாசம்.
ரயில்தான் சரி."
இந்த முறை எவரும் சிரிக்கவில்லை.
இன்னொருக்கா, என்றான் ஜெரோஷன்.

அது சத்தமில்லாமல் முடிகிறது.
கடைசிச் சுரம் எப்போது நின்றதென்று
வாசித்தவர்களுக்கே சந்தேகம்.
அதிபருக்கு இன்னும் சொல்லவில்லை.

விடியப் போகிறது; காலி வீதியில் முதல் பஸ்.
மெத்தையில் ஒரு கால் நீட்டுமளவு இடம் வந்துவிட்டது.
ஒன்று மட்டும் உறுத்துகிறது:
தாளவாத்தியப் பகுதியில் கஜரூபன்
நாற்பத்தொரு பார்கள் எண்ணிக்கொண்டே நிற்க வேண்டும்,
பிறகும் அவனுக்கு ஒன்றும் வராது.
இரண்டு வருடமாக ஒரு பயிற்சியும் தவறவிடாதவன்.

எழுதியவர் மன்னிப்பாராக.
முப்பத்தோராம் பாரில்,
எல்லோரும் மூச்செடுக்கும் அந்த இடத்தில்,
பென்சிலால்
முக்கோண மணி ஒரு தட்டு
போட்டிருக்கிறேன்.
மெல்ல, என்றும் எழுதி
அழித்துவிட்டேன்.