கழித்தல் குறி

ஜெலுத்தோங்கில் இரவு பதினொன்றரை மணிக்கும்
வெளிச்சமும் காற்றாடியும் இலவசமாய்க் கிடைப்பது
காசு போட்டுத் துவைக்கும் இந்த டோபிக் கடையில்தான்.
சுழல ஒரு துணி இருந்தால் போதும்,
யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை.
ஒரே பெட்ஷீட்டை நாங்கள்
இந்த மாதம் ஆறு முறை துவைத்துவிட்டோம்.

யுகேந்திரன் பர்கர் டெலிவரி முடித்து வருவான்.
மழைக்கோட்டைக் கழற்றி
காலி இயந்திரத்தின் மேல் போடுவான்.
பெஞ்சியெல்லாம் சொட்டும்.
பிறகு கேள்வித்தாள்.

ஆயிரத்து இருநூறு கிலோ கார்,
வினாடிக்கு இருபது மீட்டர் வேகம்,
பிரேக் பிடித்து நாற்பது மீட்டரில் நிற்கிறது.
பிரேக்கின் விசை எவ்வளவு?

அவன் கேள்வியைப் படிப்பதில்லை.
எண்களை மட்டும் கொத்தி எடுப்பான்,
முற்றத்துக் கோழி போல.
பிறகு தெரிந்த நாலு சூத்திரங்களை
இரவல் சட்டைகளாய்
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பான்.

நான் என்ன செய்தேன்?
பென்சிலைப் பிடுங்கினேன்.
"இது இங்க, அது அங்க, அவ்வளவுதான்."
மூன்று வாரம் அவன் நோட்டில்
என் கையெழுத்தில் சரியான விடைகள்.
தேர்வில், அவன் கையெழுத்தில், முப்பத்தொன்று.
தாளை நாலாய் மடித்துப்
பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.
என்னைக் குறை சொல்லவில்லை.
அதுதான் உறுத்தியது.

இன்று பென்சிலை அவனிடமே விட்டுவிட்டு
என் இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் வைத்து அமர்ந்தேன்.
"கணக்க விடு. கார் என்ன செய்யுது?"
"நிக்குது."
"அதுக்கு முன்ன?"
"ஓடுது."
"படம் போடு."
கார் வரைந்தான். மோட்டார் மாதிரி இருந்தது.
அதற்குச் சைட் கண்ணாடி வேறு.
நான் வாயைத் திறக்கவில்லை.
இயந்திரத்தில் இன்னும் பதினெட்டு நிமிடம்.

முடுக்கம் கழித்தல் ஐந்து என்று வந்தது.
உடனே அழிப்பான் எடுத்தான்.
அந்தச் சின்னக் கோட்டை மட்டும் தேய்த்தான்.
"ஏன்?"
"மைனஸ் வந்தா தப்புதானே?
வீட்டுல மைனஸ்னா கடன்.
மோட்டாருக்கு இன்னும் ஒம்பது மாசத் தவணை இருக்கு."
சிரித்தான்.
நானும் சிரித்திருக்கக் கூடாது.

அப்புறம் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
வெளியே லாரி ஒன்று போனது.
என் நாக்கு நுனியில் விடை ஊறிக்கொண்டிருந்தது,
விழுங்கினேன், மறுபடி ஊறியது.

ஏழாம் எண் இயந்திரம் பிழிந்து முடித்து
மெல்ல மெல்ல ஓயத் தொடங்கியது.
வட்டக் கண்ணாடிக்குப் பின்னால்
வெறும் கோடுகளாய் இருந்தவை
ஒவ்வொன்றாய்ப் பூக்களாயின.
அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து பேராக் ரோட்டுல, நல்ல மழை.
ஒரு பூனை குறுக்க வந்துச்சு.
ரெண்டு பிரேக்கையும் புடிச்சேன்.
நான் முன்ன போறேன், மோட்டார் விடமாட்டேங்குது."
நிறுத்தினான்.
"போறது இந்தப் பக்கம்.
புடிக்கிறது அந்தப் பக்கம்."
பெஞ்சியில் சொட்டியிருந்த நீரை விரலால் இழுத்து
ஓர் அம்பு போட்டான்.
அதற்கு எதிரே இன்னொன்று.
"அப்ப இந்த மைனஸ் கடன் இல்ல.
பிரேக்."

தேய்த்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது.
அங்கேயே கோட்டை மறுபடி போட்டான்,
கிழிந்துவிடும் என்று நான் பயந்த அளவு அழுத்தி.

"பூனை?"
"ஓடிருச்சு. அதுக்கென்ன, எஸ்.பி.எம்மா?"

மாதிரித் தேர்வில் கார் வரவில்லை.
மின்தூக்கி வந்தது, உள்ளே ஒரு மனிதன்.
யுகேந்திரன் முதலில் மனிதனை வரைந்தானாம்,
தொப்பையோடு.
மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு,
ஒன்று நீளம், ஒன்று குட்டை.
நாலுக்கு மூன்று.
அலகு எழுத மறந்துவிட்டான்.

"ஒனக்கு எவ்வளவு?" என்றான்.
நான் படம் போடவில்லை.
போடத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.
உலர்த்தும் இயந்திரத்துக்குச்
சில்லறை தேடுகிறவள் போல
பையைத் துழாவினேன்.