பற்றுக்கோடு

ஓலெசுண்டில் நவம்பர் மாதம்
மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
தூருன் ஸ்கார்பூவின் திரையில்
ஓர் உயிர்காப்புத் தெப்பம்,
அறுத்துவைத்த பலாப்பழம்போல் உள்ளே எல்லாம் தெரிய.
இருபத்துமூன்று பெயர்கள், அத்தனை கோடுகள்.
மிதவை நங்கூரம். கைப்பம்பு. குடிநீர். பஞ்சு. கத்தி.

கோடுகளை அவள் சும்மாதான் வரைந்திருந்தாள்,
சொல்லின் ஓரம்வரை கொண்டுவந்து
மயிரிழை இடைவெளியில் விட்டு.
பார்த்தால் தொட்ட மாதிரிதான் இருக்கும்.

தொழிற்சாலையிலிருந்து யூஸ்டைன் எழுதினான்:
நார்வேஜியனுக்குக் கீழே ஜெர்மனும் வேண்டும்.
வந்தது ஜெர்மன்,
ஒவ்வொரு சொல்லும் ஒரு ரயில்பெட்டி நீளம்.
பெயர்களை அங்கும் இங்கும் ஒதுக்கினாள்.
கோடுகள் ஒதுங்கவில்லை.
கப்பல் போய்விட்ட துறையில்
இன்னும் கை நீட்டி நிற்கிறவர்களைப்போல
ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன.

ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்தாள்.
பதினான்காவதில் தொலைபேசி அடித்தது,
ஐவின்டுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வந்து கூட்டிப்போங்கள்.
காதில் பேசியபடியே இழுத்தாள்.
வால் சொல்லிடம் வந்தது.
முனையும் கூடவே வந்தது,
நான்கு மில்லிமீட்டர்.

பிப்ரவரியில் பயிற்சிக் குளம்.
விளக்கை அணைத்தார்கள், குழாயைத் திறந்து மழை விட்டார்கள்.
இழுவைப்படகுக்காரன் சிந்த்ரே தெப்பத்துக்குள் ஊர்ந்து
நெற்றி விளக்கில் அட்டையைப் படித்தான்.
முழுகுகிற கப்பலோடு தெப்பத்தைக் கட்டியிருக்கும் கயிற்றை
முதலில் அறுக்க வேண்டும்.
கத்தி? கோடு காட்டிய பைக்குள் கை விட்டான்.
வாசல்வழியே தலையை நீட்டி
ஒரு மஞ்சள் பஞ்சைத் தூக்கிக் காட்டினான்:
“இதால அறுக்கட்டுமா?”

குளமே சிரித்தது. யூஸ்டைன்கூட.
தூருன் மட்டும்
காப்பிக் கோப்பையின் விளிம்பில்
நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.
வினாடிகளை எண்ணினாள் என்று நினைக்கிறேன்.
சிந்த்ரே கத்தியைத் தடவிக் கண்டுபிடிக்க
நாற்பத்தொன்று ஆயிற்று.

அன்றிரவு வீட்டில்
பழைய கோடுகள் எல்லாவற்றையும் அழித்தாள்.
அவள் இதுவரை தொடாத ஒரு கருவி இருந்தது,
பட்டியின் அடியில், கொக்கி மாதிரி.
அதன் முனை சொல்லை நெருங்கியதும்
சொல்லைச் சுற்றி நான்கு சிவப்புப் புள்ளிகள் விழித்தன.
ஒன்றில் விட்டாள். கவ்விக்கொண்டது.
மறுமுனையைக் கத்தியின் பிடியில் விட்டாள்.
அதுவும்.

பிறகு காரணமே இல்லாமல்
கத்தி என்ற சொல்லைப் பிடித்து
திரை முழுக்கச் சுற்றவிட்டாள், மூலைக்கு, மேலே, கடலுக்கு வெளியே.
கோடு நீண்டது, சுருங்கியது, விடவில்லை.
மணி இரண்டு.
அடுத்த அறையில் ஐவின்ட் இருமினான்.

பற்றுக்கோடு என்று தமிழில் ஒரு சொல் உண்டு,
விழாமலிருக்கப் பிடித்துக்கொள்வது.
தூருனுக்கு அது தெரிய வழியில்லை.
அறுப்பதற்கென்றே வைத்த ஒரு பொருளை
அறாத கோட்டில் கட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்,
இருபத்துமூன்றில் அதை மட்டும் இருமுறை சோதித்து.

மே மாதம் யூஸ்டைன் மறுபடி எழுதினான்:
புது மாடலில் கத்தி வாசல் பக்கம் போகிறது.
சிந்த்ரே சொன்ன யோசனை.
சரி என்று பதில் போட்டாள்.
கத்தியைத் தூக்கி வாசலருகே வைத்தாள்.
கோடு பின்னாலேயே ஓடியது, சொன்னபடி கேட்டது,
குறுக்கே
குடிநீர் என்ற சொல்லின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு.

பெருமூச்சு விட்டாள்.
கோட்டின் இடையில் ஒரு புள்ளி வைத்து
அதை வளைக்கத் தொடங்கினாள்.
வெளியே பத்து மணிக்கும் வெயில்.