அடியில் கிடந்த சீனி

கச்சான் தொடங்கிப் பதினொரு நாள்.
ஓட்டமாவடிப் பாலத்தடியால் வருகிற காற்றில்கூட
ஒரு சொட்டு ஈரம் இல்லை.
கொடியில் போட்ட சாரம் கால்மணியில் காய்ந்து
தகரம்போல் சத்தம் போடுகிறது.

அடுப்பில் தண்ணி வைத்தேன்.
குடிக்கப்போவது குளிராக,
தொடங்குவது என்னவோ நெருப்பில்தான்.
கொதி அடங்கினபிறகு டஸ்ட் தேயிலை நாலு கரண்டி.
பக்கத்து வீட்டு றேடியோவில்
மரண அறிவித்தல் நாலு போகும் நேரம் ஊறவேண்டும்,
ஐந்தாவது ஆள் மௌத்தானால் கசந்துவிடும்.

வடித்து, சூடு ஆறமுன் சீனி.
சூட்டில் போட்டால் காணாமல் போகும்,
சாயத்துக்குள் சாயமாய்.
ஆறினபிறகு போட்டால்
தன்பாட்டில் அடியில் போய் இருந்துகொள்ளும்,
பெருநாளைக்குச் சட்டை பிடிக்காத மதினிபோல.

முந்தி ஒரு கிளாசுக்கு மூன்று கரண்டி போட்டவள் நான்.
மார்ச் மாதம் வாழைச்சேனை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில்
மனிசனின் கொப்பியில் சிவப்பு மையால்
ஒரு இலக்கம் எழுதிவிட்டார்கள்.
அதற்குப்பிறகு ஒன்று.
பிறகு அரை.
அரைக்கரண்டி போட்ட அன்று
ஒரு மிடறு குடித்துவிட்டு, கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
வேறு யாரோ வீட்டுக் கிளாஸ்போல.

ஐஸ் உடைக்கிற சபூர்தீன் என்றால்
துறைமுகத்தில் எந்தப் படகுக்கும் தெரியும்.
விடியமுன் போய்
ஐஸ்கட்டிகளைத் தோளில் சுமந்து
பலநாள் கலங்களின் வயிற்றுக்குள் இறக்கிவிட்டு
மத்தியானம் வேர்த்து ஒழுகி வருவார்.
"ஊர் மீனெல்லாம் குளிராப் படுத்திருக்கு புள்ள,
எனக்கு மட்டும் இந்தச் சூடா?"
அந்த ஐஸ் மீனுக்கு. வாயில் வைக்க ஏலாது.
எங்கள் ஐஸ்
பிரிட்ஜின் மேல்தட்டில், பன்னிரண்டு குழியில்,
கரண்ட் இருந்தால் உறையும்.

நேற்று அவசரத்தில்
சுடச்சுடப் போத்தலில் ஊற்றி உள்ளே வைத்துவிட்டேன்.
கலங்கிப்போனது,
மாரிகாலத்துக் களப்புத் தண்ணிபோல.
கொட்ட மனமில்லை, தேயிலை விற்கிற விலைக்கு.
ஒரு வாய்க் கொதிநீர் விட்டுப் பார்த்தேன்.
தெளிந்தது, பித்தளைபோல் மினுங்கித் தெளிந்தது.
யாரும் சொல்லித் தரவில்லை. கைதான் கண்டுபிடித்தது.
தேசிக்காய் பாதி பிழிந்து
நாலு கட்டி போட்டு நீட்டினேன்.
குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றும் சொல்லாததைத்தான் நான் யோசித்திருக்கவேண்டும்.

இன்று சுபஹுக்கு எழும்பிக் குசினிக்குப் போனால்
கழுவாத கிளாஸ் ஒன்று, யன்னல் கட்டில்.
அடியில் ஒரு விரற்கடை வெள்ளை மணல்.
சுற்றி எறும்புகள்,
அந்த வருஷத்துப் பெற்றோல் வரிசைபோல,
வளைந்து வளைந்து கதவுக்கு வெளியேயும்.

சுடுதேத்தண்ணியில் களவெடுத்திருந்தால்
எனக்குத் தெரியவே வந்திராது.
நாள் முழுக்க ஐஸோடு கிடக்கிற மனிசனுக்கு
குளிரில் சீனி கரையாதென்று தெரியாமலா?
தெரிந்துதான் கலக்கியிருக்கிறார்,
இருட்டில் நின்று,
கரண்டி கண்ணாடியில் முட்டாமல்,
நான் எழும்பிவிடுவேன் என்று மெல்ல மெல்ல.
அந்தப் பெரிய கை.
இரும்புக் கோலால் கட்டியைப் பிளக்கிற கை.

கிளாசைக் கழுவவில்லை.
கிளினிக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார்.
"எறும்புக்குத்தான் போட்டன்."
"எறும்புக்கும் கிளினிக் இருக்கா?" என்றேன்.
சைக்கிள் பெல் தெருமுனைவரை
தேவையில்லாமல் அடித்துக்கொண்டு போனது.

பத்து மணிக்கு மறுபடி தண்ணி வைத்தேன்.
மரண அறிவித்தல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
வடித்தேன். ஆவி முகத்தில் அடித்தது.
அரைக்கரண்டி போட்டேன்.
டப்பாவை மூடினேன்.
திறந்தேன்.
இன்னொரு கால் கரண்டி.

கரைந்துவிட்டது.
என் களவுக்கு எறும்பு வராது.