ஆற்றை பல்?

மாட்டுத்தீவன உரப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார்
கிணறு வெட்டுகிற தவக்குலம்.
வியாழன், சுன்னாகம், பின்னேரம் ஐந்தரை.
ஞானசோதி ரீச்சர் கதிரையில் வாயைத் திறந்தபடி.
மெசின் இரைச்சலுக்கு மேலால் அவர் கத்தினார்:
"பல்லைப் பல் டொக்டரிட்டைத்தானே காட்டோணும்.
உது ஆற்றை பல்?"

எங்களுக்கு ஆறு இல்லை.
இப்படி யாரும் கேட்கும்போது மட்டும்
ஒன்று ஓடுகிறது நாக்கில்.

கையுறையோடு வாங்கினேன்.
உள்ளங்கை போதவில்லை.
சாம்பலும் கறுப்புமாய் ஒரு முக்கோணம்,
விளிம்பெல்லாம் பனைமட்டைக் கருக்கு.
இருபத்தாறு வருசத்தில் நான் பிடுங்கிய எதுவும்
இப்படி வேரை அகட்டி நின்றதில்லை.
"சூத்தை இல்லை" என்றேன்.
வேறென்ன சொல்ல, என் தொழில் அது.

ஏழாலையில், வாழைத்தோட்டத்து மூலையில்,
செம்மண் மூன்று முழம்,
பிறகு கல், கல், கல்.
முப்பதாம் அடியில் அலவாங்கு வேறு சத்தம் போட்டதாம்.
காணிக்காரர் ஒஸ்லோவில்.
படம் அனுப்பியதும் பல்லிலும் பங்கு கேட்டாராம்.

ஒரு இரவுக்கு இரவல் வாங்கினேன்.
சுபோதினி கதவைப் பூட்டிப் போனபின்
கதிரை விளக்கை இழுத்து அதன்மேல் பிடித்தேன்.

ஒன்றரைக் கோடி வருசம் இருக்கும்.
ஏழாலை இல்லை. மருதனார்மடம் இல்லை.
காங்கேசன்துறை வீதி கிடக்கும் இடத்தில்
வெதுவெதுத்த நீர்.
பவளமும் சிப்பியும் செத்துச் செத்து
எங்களுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தன.
கடற்பசுக்கள் அடியில் புல் மேயும்.
வெயில் சட்டென்று மறையும்.
முகில் என்று நினைத்தது
திரும்பி வரும்.

மெகலொடோன்.
ஐம்பதடி என்கிறார்கள், அதற்கும் மேல் என்கிறார்கள்,
அளந்தவர் எவருமில்லை.
உடம்பு முழுக்க எங்கள் காதுமடல் போல குருத்தெலும்பு,
உக்கிப் போயிற்று.
முதுகும் வாலும் பசியும் போக
பல் மட்டும் சாட்சி.

பிள்ளை பெற்றவளுக்கு நாங்கள்
பால்சுறாவில் வறை வறுத்துக் கொடுக்கிறோம்.
அது திமிங்கிலத்தில் வறை போட்டிருக்கும்.

கொஞ்சம் பொறாமையாயும் இருந்தது.
விழ விழப் பின்வரிசை முன்னுக்கு நகரும்,
ஆயுளுக்கும் ஆயிரமாயிரம்.
எங்களுக்கு இரண்டே தவணை,
அதற்குள்ளும் கள்ளத்தீன்.

பிறகு கடல் குளிர்ந்ததாம்.
திமிங்கிலங்கள் குளிர்நாடு பார்த்துப் போயினவாம்.
இது போகவில்லை.
போகாததை மடைத்தனம் என்று சொல்ல,
இந்த ஊரில் இருந்துகொண்டு,
எனக்கு வாய் வரவில்லை.

விடியப் பல்லைத் திருப்பிக் கொடுத்தேன்.
யுனிவர்சிட்டியில் காட்டச் சொன்னேன்.
பெயர் சொன்னேன், வயசு சொன்னேன்.
தவக்குலம் நெடுநேரம் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.
"அது கிடக்கட்டும் டொக்டர்.
அவ்வளவு பெரிய கடல் கிடந்த இடம்,
தண்ணி உவராய் வந்திடாதே?"
அது எனக்குத் தெரியாது.

அடுத்த வியாழன் மிச்ச வேலைக்கு ரீச்சர் வந்தா.
கீழ்வரிசைக்குப் பின்னால் ஆறு மாதத்துக் கல்.
எச்சில்தான் கட்டிபடுகிறது என்று நான் படித்தது.
அவ நம்பமாட்டா.
"எங்கடை தண்ணி அப்பிடி, பிள்ளை.
கேத்திலைக் கவிட்டுப் பார்."
மற்ற நாளென்றால் வாதாடியிருப்பேன்.
சுரண்டினேன். வெள்ளையாய் உதிர்ந்தது.

கிணற்றுத் தண்ணீர் ஒரு கப் நீட்டினேன்.
ஒரு கன்னம் புடைத்தது,
பிறகு மற்றக் கன்னம்.
இடமிருந்து வலமாய், வலமிருந்து இடமாய்
ஏதோ ஒன்று பெரிதாய்த் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
துப்பினா.

"இன்னொருக்கால்" என்றேன்.