மெய்யாலுமா மிஸ்

ஏழாம் வகுப்பு ஆ பிரிவில்
நாற்பத்தோரு பேருக்கு ஒன்பது நாவல்கள்.
ஒரு பிரதியை நாலைந்து தலைகள் சூழ்ந்திருக்கின்றன,
காசிமேட்டில் ஏலக்கூடையைச் சூழ்வதுபோல.
பின்வரிசைக்குத் தெரிவது
முன்வரிசையின் எண்ணெய் தேய்த்த பிடரிதான்.

பக்கம் முப்பத்து நாலு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு, செப்டம்பர் இரவு.
துறைமுகத்துக்கு வெளியே ஒரு ஜெர்மன் கப்பல்.
ராயபுரத்துச் சந்தில்
பதினோரு வயது அஞ்சலை
தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள்.

ஜன்னலோரம் கண்டெய்னர் லாரி போகிறது.
கண்ணாடி அதிர்கிறது. யாரும் படிப்பதில்லை.
இங்கே எல்லாக் கதைக்கும் நடுவில்
லாரி போகும் வரை ஒரு இடைவெளி உண்டு.
போனபின் டில்லிபாபு கேட்கிறான்:
"மெய்யாலுமா மிஸ்?"

கப்பல் மெய். எம்டன் அதன் பெயர்.
"அது தெரியும் மிஸ்,
எங்கம்மா எங்கப்பாவ அப்படித்தான் திட்டும்."
குண்டு விழுந்தது மெய்.
எண்ணெய்த் தொட்டி எரிந்தது மெய்.
ஊர் பாதி மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதும் மெய்.
"அஞ்சலை?"
அஞ்சலை பொய்.

சொல்லியிருக்கக் கூடாது.
ரெபேக்கா புத்தகத்தைச் சட்டென்று மூடினாள்.
"அப்ப மூணு நாளா
யாருக்காக பயந்துனு இருந்தேன்?"
பயிற்சி முகாமில் இதற்குப் பதில் தரவில்லை.
கோடு போடச் சொல்லித் தந்தார்கள்.

கரும்பலகை நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் நடந்தது.
வலப்பக்கம் நடந்திருக்கக்கூடியது.
கப்பல், தொட்டி, தேதி இந்தப் பக்கம்.
அஞ்சலை, தம்பி, பொத்தான் அந்தப் பக்கம்.
தீயின் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோத்தாள்
என்ற வரியில் வந்தது சண்டை.
தீ இங்கே, ஊசி அங்கே,
வெளிச்சம் யாருடையது?
"நூலு கோட்டத் தாண்டுது மிஸ்" என்றாள் மும்தாஜ்.
மணி அடித்துவிட்டது.
அழிக்க மனமில்லாமல் விட்டுவந்தேன்.
அடுத்த பீரியட் கணக்கு வாத்தியார்
அந்தக் கோட்டையே பின்னத்துக்குப் பயன்படுத்திக்கொண்டாராம்.

புதன்கிழமை டில்லிபாபு வரவில்லை.
தடைக்காலம் முடிந்து படகுகள் திரும்பிய வாரம் அது.
வியாழன் காலை மேஜைமேல் விடுப்புக் கடிதம்:
கடும் வயிற்று வலி காரணமாக.
கீழே அப்பாவின் கையெழுத்து,
அதில் டில்லிபாபுவின் 'ழு', வழக்கம்போல் வால் நீண்டு.
அவன் சட்டைக் கைமடிப்பில்
காய்ந்த செதில் ஒன்று மினுங்கியது.
உள்ளங்கை ஐஸ் சுமந்து வெளுத்திருந்தது.

"மெய்யாலுமா?" என்றேன்.

கூரை மின்விசிறியைப் பார்த்தான்.
கரும்பலகையைப் பார்த்தான், அங்கே இப்போது ஒன்றுமில்லை.
"வலப்பக்கம் மிஸ்."
கொஞ்சம் யோசித்து,
"வயிறு மட்டும் இடப்பக்கம்."

பதிவேட்டில் இரண்டே குறிகள்தான்.
பேனாவை மூடியும் திறந்தும்
சற்று நேரம் நின்றேன்.
கடிதத்தை நாவலுக்குள் வைத்தேன்,
முப்பத்து நாலாம் பக்கத்தில்.
அதற்குள் பின்பெஞ்சில் ஒரு குரல்,
ரெபேக்காவேதான்,
புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்:

"மிஸ், அந்த சட்டைய போட்டுக்கினு
தம்பி எங்க போனான்?"